கேக்காம வர்ற சோறு

நீயே சன்னலோரம் உக்காரு கண்ணு. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். வெயிலு, நெழலு, முன்சீட்டு, டயர் மேல இருக்கற சீட்டு, எதுலயும் எனக்கு வித்தியாசமே தெரியறதில்ல இப்பெல்லாம். அந்த ஷட்டரை மட்டும் கொஞ்சம் எறக்கி விடு. மூஞ்சியிலயே அடிக்குது பாரு. இன்னுங் கொஞ்சம். ஆங், போதும்.

நீ எதுவரைக்கும்? தாராபுரமா? சரி சரி. நான் பழனி. மாசாமாசம் கிருத்திகைக்குப் போயிருவேன். காத்தால இருந்து ஒரு வாய் எதுவும் சாப்பிடலை. மலை ஏறி, சாமியப் பாத்து, எறங்கி வந்துதான் எதுவா இருந்தாலும். சக்கரை இருக்குதுதான். மாத்திரை போடறேன்தான். டாக்டரு திட்டறாரு. திட்டிட்டுப் போறாரு. யாரு திட்டினாலும் எனக்கு இப்ப ஒண்ணும் ஆகறதில்ல கண்ணு, அதுதானே விஷயமே.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். என்ற பேரு துளசிமணி. கோபிக்குப் பக்கத்துல நம்மூரு. வீட்டுக்காரரு மாவு மில்லு வெச்சிருக்காரு, வீட்டுக்குப் பின்னாடியே. அந்த மெசின் சத்தத்துல பேசிப் பேசி, மனுசன் வீட்டுக்குள்ளயும் ஊருக்கே கேக்கற மாதிரிதான் கத்துவாரு. 'துளசீ, மோரு'ன்னாருன்னா பக்கத்து வீட்டுக்காரி மோரு எடுத்துட்டு வருவா. அந்த மாதிரி வீட்டுல இருந்துக்கிட்டு நான் மௌனம் இருந்தேன்னா நம்புவியா? நாப்பத்தெட்டு நாளு. ஒரு மண்டலம். ஒரு சொல்லு பேசலை.

எல்லாம் தயாபரி அம்மா குடுத்த தைரியம். எங்களுக்குக் குரு மாதிரி அவுங்க. புதன்கிழமை புதன்கிழமை அவுங்க வீட்டு மாடியில கூடுவோம், இருபது இருபத்திரெண்டு பொம்பளைங்க. பஜனை, அப்பறம் பேச்சு. பக்தி பண்றவங்க ஆயிரம் பேரு, பக்குவம் வந்தவங்க பத்துப் பேருன்னு சொல்லுவாங்க. பக்குவத்தை எப்பிடிக் கண்டுபுடிக்கறது? அதுக்கு அடையாளம் இருக்குதாம். புகழ்ந்தா மூஞ்சி மலரக் கூடாது. திட்டினா சுருங்கக் கூடாது. நல்லது கெட்டது எது காதுல விழுந்தாலும் மனசு கெணத்துத் தண்ணி மாதிரி கெடக்கணும்.

அவுங்களே பரீட்சை வெப்பாங்க, கேளு. ஒரு சஷ்டிக்கு எல்லாத்துக்கும் பொங்கல் போட்டாங்க. உப்பே போடலை. வேணும்னேதான். சொல்லலை யார்கிட்டயும். யாரு வாயத் தொறந்து கேக்கறாங்கன்னு பாக்கறதுக்கு. டெய்லர் கடை சுமதி ஒரு வாய் வெச்சதும் 'ஐயோ, உப்பு மறந்துட்டீங்களே அக்கா'ன்னு கத்திட்டா. போச்சு. எனக்கும் தெரியாமயா போகும்? நாக்கு இருக்குதே. ஆனா மூச்சு விடலை. ரெண்டாவது தடவை கூட வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா என்னையவே பாத்துட்டிருந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள அப்பிடி ஒரு சந்தோசம்.

இன்னொரு அடையாளம் சொல்லுவாங்க. பக்குவம் வந்தவங்களுக்குக் கேக்காமயே சோறு வருமாம். வந்தா தட்டக்கூடாது, விரதமா இருந்தாலும் தட்டக்கூடாது, அது சாமி குடுக்கறது. எனக்கு வருது கண்ணு! போன கிருத்திகைக்கு இதே பஸ்ல ஒரு அக்கா, போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தாங்க. பேசி முடிச்சதும் திரும்பி என்னையவே கொஞ்ச நேரம் பாத்தாங்க. பாத்துட்டு, பையைத் தொறந்து ரெண்டு வாழைப்பழம் எடுத்து என்ற மடியில வெச்சாங்க. அதுக்கு முந்தின தடவை ஒரு பெரியவரு, காங்கயத்துல பஸ்ஸு நின்னப்ப எறங்கி ஓடி பன்னும் டீயும் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. நான் கேக்கவே இல்ல. அவருக்கு என்னைய யாருன்னே தெரியாது. மூஞ்சியில தெரியுதுன்னு வெச்சுக்கயேன்.

மௌனம் ஏன் இருந்தேன்னா, தைப்பூசத்துக்கு எங்க கூட்டத்துல ஆரத்தித் தட்டு எடுக்கறது பக்குவம் வந்தவங்கதான். அதுவரைக்கும் மூணே பேருக்குத்தான் குடுத்திருந்தாங்க. அம்மா என்னையக் கூப்புட்டு, 'துளசி, உன்கிட்ட எல்லாம் இருக்குது, வாக்கு மட்டும் அடங்கலை. ஒரு மண்டலம் மௌனம் இரு, அடுத்த தைப்பூசத்துக்குத் தட்டு உனக்கு'ன்னாங்க. ஆசைன்னு சொல்லாத. ஆசை இல்ல. ஒரு இது.

கார்த்திகை ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சேன். கழுத்துல ஒரு அட்டை, 'மௌனம்'னு எழுதி. கையில ஒரு சிலேட்டு. உப்பு, புளி, கரண்டு பில்லு, வீட்டுக்கு அவசியமானதை மட்டும் எழுதிக் காட்டலாம். மத்தபடி சத்தமே வரக்கூடாது. இருமல் வந்தாக்கூட முந்தானையை வாயில அமுக்கிக்குவேன். எங்க வீட்டுக்காரரு மொத வாரம் கத்தினாரு, ரெண்டாவது வாரம் கெஞ்சினாரு, மூணாவது வாரம் அவரும் சிலேட்டுல எழுத ஆரம்பிச்சுட்டாரு. காது கேக்காதவளாட்டம்! எனக்குக் காது நல்லாத்தான கேக்குது.

காது நல்லாத்தான் கேட்டுச்சு. அதுதான் கண்ணு.

எனக்கு ஒரே பொண்ணு. பூரணி. உன்ற வயசுதான் இருக்கும். திருப்பூர்ல குடுத்திருந்தோம். மாப்பிள்ளை பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. பூரணி முழுகாம இருந்தா, மூணு மாசம் அப்ப. நான் மௌனம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளுதான் போன்ல சொன்னா, 'அம்மா, இந்த நேரத்துல போயி பேசாம இருப்பியா'ன்னு சிரிச்சா. நான் 'உனக்காகவுந்தான் இருக்கறேன்'னேன். அப்பிடித்தான் சொன்னேன்.

நாப்பத்தோராம் நாளு. காத்தால பத்தரை இருக்கும். எங்க வீட்டுக்காரரு மில்லுல இருக்காரு, மெசின் ஓடுது. போன் அடிக்குது. மௌனத்துல போனை எடுக்கலாமா கூடாதான்னு தயாபரி அம்மா ஒண்ணும் சொல்லியிருக்கலை. பூரணின்னு பேரு தெரிஞ்சுது, கை தானா எடுத்துருச்சு.

'அம்மா, நீ பேச மாட்டேன்னு தெரியும். பேச வேண்டாம். கேளு, போதும்'னா.

திங்கக்கிழமை கலைஞ்சு போச்சாம். ஸ்கூட்டர் ஓட்டுனதாலதான்னு அவ மாமியா ஊரெல்லாம் சொல்றாளாம். மாப்பிள்ளை அவ மூஞ்சியப் பாத்துப் பேசறதில்லையாம். 'பெட்சீட்டை நானே தொவைச்சுக் காயப் போட்டேம்மா'ன்னா. அதை ரெண்டு தடவை சொன்னா. அப்பறம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்பறம் கேட்டா, 'நான் அங்க வந்துரட்டுமா? வான்னா ஒரே ஒரு ம் சொல்லும்மா. வாயத் தொறக்க வேண்டாம். தொண்டையிலயே சொன்னாப் போதும்.'

'ம்'முன்னாலும் சத்தந்தானே கண்ணு?

இல்ல, நீயே சொல்லு. சத்தந்தானே? நாப்பத்தோரு நாளு. இன்னும் ஏழு நாளு. ஏழே நாளு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிலேட்டை எடுத்து 'வா'ன்னு எழுதினேன். பெருசா எழுதினேன், சிலேட்டு முழுக்க. எழுதி, போனுக்கு நேரா தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பைத்தியக்காரி. அவளுக்கு எங்கிருந்து தெரியும் அது? ஆனா எழுதினேன். சத்தியமா எழுதினேன். இத யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

மில்லுக்கு ஓடியிருக்கலாமேன்னு கேக்கறியா? நாப்பது அடிதான். போனைக் கொண்டு போயி அவரு கையில குடுத்திருந்தா போதும், அவரு கத்தற கத்துல பூரணி திருப்பூர்ல இருந்து நடந்தே வந்திருப்பா. தெரியுது. கேக்கற கேள்வி சரிதான். என்ற வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டாரு. ஒரே ஒரு தடவை கேட்டாரு, அப்பறம் கேக்கலை.

ஏன் ஓடலைன்னா... இதை நான் தயாபரி அம்மாகிட்டக்கூடச் சொல்லலை. நீ தாராபுரத்துல எறங்கிருவ, உன்கிட்டச் சொல்றதுக்கென்ன. அவ அழுவறா. என்ற கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நெஞ்சு அடிக்கவே இல்ல. மனசு அப்பிடியே கெணத்துத் தண்ணியாட்டம் கெடக்குது. எனக்கு ஆச்சரியம். அட, வந்துருச்சு, இதுதான் போல அதுன்னு அதையே பாத்துட்டு நின்னுட்டேன் கண்ணு. பொண்ணு அந்தப் பக்கம் ஒரு 'ம்'முக்குக் காத்துட்டு நிக்கறா. நான் இந்தப் பக்கம் எனக்கு அழுகை வரலைங்கறதைப் பாத்துட்டு நிக்கறேன்.

கடைசியில, 'சரிம்மா, உன்ற விரதம் நல்லபடியா முடியட்டும்'னு வெச்சுட்டா. கோவமா சொல்லலை. நல்லாத்தான் சொன்னா. ஒம்போது நிமிசம்னு போன்ல காட்டுச்சு.

வீட்டுக்காரருக்கா? சொல்லலை. சிலேட்டுல உப்பு புளிதான் எழுதலாம். ஏழு நாளுதானே, முடிச்சுட்டு நேர்ல போயி கூட்டிட்டு வந்துரலாம்னு வெச்சிருந்தேன். அந்த ஏழு நாளும் அவருக்குச் சோறு போட்டேன், மோரு ஊத்தினேன். அவரு 'பூரணிக்கு மாங்கா ஊறுகா அனுப்பணும், மசக்கைக்கு ஆசப்படுவா'ன்னு சிலேட்டுல எழுதிக் காட்டினாரு. நான் தலையாட்டினேன்.

நாப்பத்தெட்டாம் நாளு மாலை போட்டாங்க. அம்மா என்ற தலையில கை வெச்சு, 'பக்குவம் வந்துருச்சு'ன்னு எல்லாத்து முன்னாடியும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து மொத வேலையா பூரணிக்குத்தான் போன் போட்டேன். 'கண்ணு, அம்மா பேசறேன். விரதம் முடிஞ்சுருச்சு. கெளம்பி வா, அப்பாவ அனுப்பறேன்'னேன். எடுத்துட்டா. ஆனா பேசலை. வெக்கவும் இல்ல. பின்னாடி காத்தாடி ஓடற சத்தம் கேக்குது, ஆரோ பாத்திரம் வெக்கற சத்தம் கேக்குது. இவ சத்தம் இல்ல. நான் பேசிக்கிட்டே இருக்கறேன். அழுது பாத்தேன், அதட்டிப் பாத்தேன். கணக்கா ஒம்போது நிமிசம். அப்பறம் வெச்சா.

அது ஆச்சு ரெண்டு வருசம். அந்த வீட்டுல இருந்து வந்துட்டா. எங்க வீட்டுக்கு வரலை. கோயமுத்தூர்ல லேடீஸ் ஆஸ்டல்ல இருக்கறா, ஒரு கண்ணாஸ்பத்திரியில வேலை. அவுங்கப்பா மாசத்துக்கு ரெண்டு தடவை போயிப் பாக்கறாரு. சத்துமாவு அரைச்சுக் கொண்டு போறாரு. அங்க போனா நல்லாக் கத்திப் பேசறாராம். வீட்டுல இப்பெல்லாம் கத்தறதே இல்ல. 'சோறு', 'மோரு', அவ்வளவுதான். நான் போன் போட்டா அவ எடுப்பா. ஒவ்வொரு தடவையும் எடுப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டா. ஒம்போது நிமிசம் ஆனா வெச்சுருவா.

தயாபரி அம்மாகிட்டச் சொன்னேன். 'உன்ற தவம் உன்ற மகளுக்கும் எறங்கியிருக்குது. வீட்டுக்காரரும் அடங்கிட்டாரு பாரு. ஒருத்தருக்கு வந்தா குடும்பத்துக்கே வரும்'னாங்க. நானும் அப்பிடித்தான் நெனைக்கறேன். வேற எப்பிடி நெனைக்கறது? வேற மாதிரி நெனைச்சா நான் எப்பிடிக் கண்ணு காத்தால எந்திரிச்சு வெளக்குப் போடறது?

தட்டா? குடுத்தாங்க. ரெண்டு தைப்பூசமும் நான்தான் எடுத்தேன். கை நடுங்கறதில்ல.

சரி. காங்கயம் தாண்டியாச்சா? உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காத. உன்ற போனைக் கொஞ்சம் குடேன். என்கிட்டயும் இருக்குது, சார்ஜெல்லாம் இருக்குது. அது வேண்டாம்.

ஒரு தடவை கோபி பஸ் ஸ்டாண்டுல என்ற போனு அணைஞ்சு போச்சு. பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட வாங்கி வீட்டுக்காரருக்குப் போடலாம்னு அழுத்தறேன், வெரலு பூரணி நம்பரை அழுத்திருச்சு. எனக்கு மனப்பாடமா அந்த ரெண்டு நம்பருதான் தெரியும். 'ஹலோ, யாருங்க?'ன்னா. என்ற பொண்ணு! தெரியாத நம்பருன்னதும் பேசிட்டா. எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. நான் பேசலை. பேசினா அவ நிறுத்திருவாளே. அதுல இருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை, பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்ட வாங்கி ஒரு தடவை போடுவேன். ஒரு ஹலோ. அவ்வளவுதான். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன்னு நெனைக்காத. அதுக்குந்தான்.

குடு. நானே அழுத்தறேன். கடைசியில நாலு ஏழு நாலு ஏழு. மணி அடிக்குது. பேசாத, கொஞ்சம் பேசாத கண்ணு.

.........

வெச்சுட்டா. நாலு ஹலோ சொன்னா இன்னைக்கு. கேட்டுச்சா உனக்கு? சளி புடிச்சிருக்குது போல, குரலு கம்முது. ஆஸ்டல்ல சுடுதண்ணி வெச்சுக் குடுக்க ஆளு இருக்குமா என்னவோ. இந்தா, உன்ற போனு. நல்லா இரு கண்ணு. உன்ற அம்மாகிட்ட தினமும் பேசறதானே? பேசு. என்னத்தையாவது பேசு.

கொஞ்சம் தல சுத்தற மாதிரி இருக்குது. ஒண்ணுமில்ல, வெயிலு. தண்ணியெல்லாம் வேண்டாம், மலை எறங்கித்தான்.

உன்ற போனு அடிக்குது பாரு. எடு, வீட்டுல இருந்துதான் இருக்கும். எடு கண்ணு. ஏன் போனையும் என்னையவும் மாத்தி மாத்திப் பாக்கறே?

நாலு ஏழு நாலு ஏழு.

இது அவ நம்பருல்ல?

எடு. எடுத்துப் பேசு. நான் மூச்சு விடலை.

.........

என்ன 'சரிங்கக்கா, சரிங்கக்கா'ங்கறே? என்ன சொல்றா? எதுக்குப் பையைத் தொறக்கறே? இது உன்ற மத்தியானச் சோறுல்ல, தக்காளிச் சோறு. இதை எதுக்கு என்ற மடியில வெக்கறே?

கேக்காம குடுங்கன்னாளா. கேட்டா விரதம்னு சொல்லிருவாங்க, கேக்காம வெச்சா சாமி குடுத்ததுன்னு சாப்பிட்டுருவாங்க, காத்தால இருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, சக்கரை இருக்குது, எறங்கறதுக்குள்ள சாப்பிட வெச்சுருங்கன்னாளா. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்கன்னும் சொன்னாளா? உனக்குப் பொய் சொல்ல வரலை கண்ணு, மூஞ்சியிலயே தெரியுது.

அப்ப அந்த வாழைப்பழம்? அந்த அக்கா போனையுந்தான் வாங்கிப் போட்டேன், அப்பறம் அவுங்க போன்ல பேசிட்டிருந்தது? பெரியவருக்கும் ஒரு போன் வந்துச்சு. நான் அவரு வீட்டுல இருந்துன்னுதான் நெனைச்சேன். பேசிட்டுத்தான் பன்னு வாங்க ஓடினாரு. பேசிட்டுத்தான் எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

நான்தான்னு தெரிஞ்சுக்கக் கிருத்திகையும் பஸ்ஸு சத்தமும் போதுமே அவளுக்கு. மொத தடவையே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் ஹலோ சொல்லியிருக்கறா. இன்னைக்கு நாலு தடவை சொன்னாளே.

பக்குவம் என்ற மூஞ்சியில இருக்குதுன்னு நெனைச்சேன் கண்ணு. ரெண்டு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது எங்க இருக்குது பாரு. ஆஸ்டல்ல சளி புடிச்சுப் போயி உக்காந்திருக்குது.

இல்ல, அழுவலை. அழுவறேன்தான். நீ விடு. சோத்தைப் பிரி, சாப்பிடறேன். உப்பு தூக்கலாப் போட்டிருக்கறே நீ. நல்லா இருக்குது.

இன்னும் லைன்ல இருக்கறாளா? என்ன கேக்கறா? வாங்கிட்டாங்களா, சாப்பிடறாங்களான்னு கேக்கறாளா?

நீ சொல்லாத. போனை இப்பிடிக் குடு. அதுக்கு நான் சொல்றேன்.

ம்.